மாணவர்களுக்கு மெல்லிய லேப்டாப்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூரில் இருந்து என் சித்தப்பா போன் செய்தார். அவருடைய மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு, விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. "தம்பி, பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும்ப்பா. கடையில ஒண்ணு பார்த்தோம். நோட்டுப் புத்தகம் மாதிரி அவ்வளவு மெல்லிசா இருக்கு. அதையே வாங்கிரவா?" என்று கேட்டார். பணம் எப்படி என்று கேட்டேன். சித்தியின் வளையல் இரண்டையும் வங்கியில் அடகு வைத்து 50 ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஒரு வாரம் பொறுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் அவருக்கு நான் போனில் சொன்ன விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் முதன்முதலாக ஒரு மாணவருக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் இது உதவும் என்று நம்புகிறேன். நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது என் படிப்பல்ல, என் முதல் லேப்டாப்.

என் முதல் லேப்டாப்

2015ஆம் ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். 11 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கவே பெருமையாக இருக்கும். அதற்குள் இருந்தது 2 ஜி.பி. மெமரியும் 32 ஜி.பி. சேமிப்பிடமும். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் வருடம் சி மொழியில் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதும் வரை பிரச்னை இல்லை. பிறகு விண்டோஸ் அப்டேட் வந்தது. "போதிய இடமில்லை" என்று நின்றுவிட்டது. நான் படங்களை அழித்தேன், பாடல்களை அழித்தேன், கடைசியில் பாடக் குறிப்புகளையும் பென் டிரைவுக்கு மாற்றினேன். அப்படியும் இடம் போதவில்லை. மூன்றாம் வருடம் மொபைல் அப்ளிகேஷன் எழுதும் பிராஜெக்ட் வந்தபோது, அதற்கான மென்பொருளை அந்த லேப்டாப்பில் நிறுவக்கூட முடியவில்லை. மெமரியைக் கூட்டலாம் என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எல்லாமே போர்டுலயே ஒட்டியிருக்கு. ஒண்ணும் பண்ண முடியாது" என்று மூடிக் கொடுத்தார்.

மீதி இரண்டு வருடமும் கல்லூரி லேபிலும் நண்பர்களின் அறையிலும் அவர்கள் தூங்கிய பிறகு அவர்களின் லேப்டாப்பில் வேலை செய்தே ஓட்டினேன். அப்பா ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும், "லேப்டாப் நல்லா ஓடுதாப்பா?" என்று கேட்பார். "ஓடுதுப்பா" என்று சொல்வேன். இன்று வரை அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை.

லேப்டாப் மெல்லியதாக இருந்தது தவறு அல்ல. மெல்லியதாக ஆக்குவதற்காக எதையெல்லாம் குறைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்கியதுதான் தவறு.

மெல்லிய லேப்டாப் எப்படி வந்தது?

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகத்தில் கடிதம் அனுப்பும் காகித உறை ஒன்றில் இருந்து ஒரு லேப்டாப்பை வெளியே எடுத்துக் காட்டினார். அதுதான் மேக்புக் ஏர். எடை 1.36 கிலோ. மற்ற லேப்டாப்கள் இரண்டரைக் கிலோ இருந்த காலத்தில் அது பெரிய ஆச்சரியம். 2011இல் இன்டெல் நிறுவனம் "அல்ட்ராபுக்" என்ற பெயரில் விண்டோஸ் லேப்டாப்களையும் மெல்லியதாகச் செய்யும்படி மற்ற நிறுவனங்களைத் தூண்டியது. அதற்குப் பிறகு டி.வி.டி. டிரைவ் போனது, கழற்றி மாட்டும் பேட்டரி போனது, சுழலும் ஹார்ட் டிஸ்க் போனது, பல மாடல்களில் மெமரி மாட்டும் ஸ்லாட்டும் போனது.

டி.வி.டி. டிரைவ் போனதில் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் மெமரி ஸ்லாட் போனது நஷ்டம். எது போனால் பரவாயில்லை, எது போனால் கஷ்டம் என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் படிப்பைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. மாணவர் என்ன படிக்கப் போகிறார், அதற்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று சீனியர் மாணவர்களிடமோ துறை ஆசிரியரிடமோ கேளுங்கள்.

பி.காம்., பி.ஏ., பி.எட். போன்ற படிப்புகளுக்குப் பெரும்பாலும் வேர்டு, எக்ஸெல், இன்டர்நெட், டேலி போன்றவைதான். சாதாரணத் திறன் உள்ள எந்த நல்ல லேப்டாப்பும் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு மெமரி அதிகம் வேண்டும். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வரைபட மென்பொருள்கள் உண்டு. இதில் ஒரு முக்கியமான விஷயம்: ஆட்டோகேட் மேக் கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது. ஆனால் ரெவிட், ஸ்டாட் புரோ, சாலிட்வொர்க்ஸ் ஆகியவை விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. மேக்புக் ஏர் மிக நல்ல லேப்டாப்தான். ஆனாலும் இந்தப் பிரிவு மாணவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குரோம்புக் வகை லேப்டாப்களும் இவர்களுக்கு உதவாது.

2024இன் நடுவில் இருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் வந்துள்ளன. மெல்லியவை, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் இவற்றின் பிராசசர் இன்டெல், ஏ.எம்.டி. வகையைச் சேர்ந்தது அல்ல. மொபைல் போன்களில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. பழைய மென்பொருள்கள் பலவற்றை மொழிமாற்றம் போல ஒரு சுற்று வழியில்தான் இவை ஓட்டுகின்றன. லேபில் இணைக்கும் கருவிகளுக்கான டிரைவர்கள் சில நேரம் கிடைக்காது. பொறியியல் மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய மென்பொருள் இதில் ஓடும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்க வேண்டும்.

மேலும் ஒன்று. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடன் வாங்கித்தான் லேப்டாப் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எடை எவ்வளவு இருக்கலாம்?

என் தங்கை தினமும் பஸ்ஸில் போய் வருபவள். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அதனால் எடை முக்கியம்தான். பொதுவாக 14 அங்குல லேப்டாப் 1.3 முதல் 1.5 கிலோ வரையிலும், 15.6 அங்குல லேப்டாப் 1.6 முதல் 1.8 கிலோ வரையிலும் இருக்கும். கேம் விளையாடுவதற்கென வரும் லேப்டாப்கள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும்.

விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சார்ஜர் கால் கிலோவில் இருந்து அரைக் கிலோ வரை இருக்கலாம். 1.2 கிலோ லேப்டாப்பும் பேட்டரி நிற்காததால் தினமும் சுமக்கும் சார்ஜரும் சேர்ந்தால், 1.5 கிலோ லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போவதற்குச் சமம். எனவே எடையையும் பேட்டரியையும் சேர்த்தே பாருங்கள். தினமும் எடுத்துச் செல்பவர்களுக்கு 14 அங்குலம் சரியான அளவு. விடுதி அறையிலேயே வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு 15.6 அங்குலம் கண்ணுக்கு வசதி.

மெமரி: ஒட்டியதா, மாட்டியதா?

இதுதான் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி.

மெமரி என்று நாம் சொல்லும் ராம், நீங்கள் வேலை செய்யும் மேஜை போன்றது. மேஜை பெரிதாக இருந்தால் நான்கு புத்தகங்களை ஒரே நேரத்தில் விரித்து வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை மூடித்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. என்று சொல்கிறது. அது விண்டோஸ் எழுந்து நிற்பதற்கான அளவு. நாம் அதில் வேலை செய்ய அது போதாது. இன்று வாங்கும் மாணவருக்கு 8 ஜி.பி. ஆரம்பம், 16 ஜி.பி. நிம்மதி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெல்லிய லேப்டாப்களில், திரையில் படம் காட்டும் வேலைக்கும் இதே மெமரியில் இருந்துதான் ஒரு பங்கு போகும்.

லேப்டாப்பில் மெமரி இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, ஸ்லாட்டில் மாட்டும் சிறிய அட்டை. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று விவரத்தில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இப்படி மாட்டியதாக இருக்கும். கழற்றலாம், மாற்றலாம், கூட்டலாம். மற்றொன்று, மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிய சிப். எல்.பி.டி.டி.ஆர். என்று ஆரம்பித்தால் அநேகமாக ஒட்டியதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுக்கு உயரம் தேவை. லேப்டாப்பை மெலிய வைக்க முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். ஒட்டிய மெமரி மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் என்ற நன்மையும் உண்டு. ஆனால் வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ, நான்கு வருடமும் அதுதான்.

எனவே விதி எளிது. மெமரி ஒட்டியதாக இருந்தால் 16 ஜி.பி. இல்லாமல் வாங்காதீர்கள். 8 ஜி.பி.தான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால், காலியான ஒரு ஸ்லாட் இருக்கும் மாடலைத் தேடுங்கள். பாதி ஒட்டி, கூடவே ஒரு ஸ்லாட்டும் கொடுத்த மாடல்கள் நிறைய வருகின்றன.

கடையில் வைத்திருக்கும் மாடலிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் மெமரி ஒட்டியது. "எஸ்.ஓ.டிம்" என்று இருந்தால் மாட்டியது. ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம்.

சேமிப்பிடம்: பெயரைக் கேளுங்கள்

"128 ஜி.பி. இருக்கு சார்" என்று கடைக்காரர் சொல்வார். எந்த வகை 128 ஜி.பி. என்று கேளுங்கள். இ.எம்.எம்.சி. என்பது மொபைல் போன், டேப்லெட் போன்றவற்றுக்காக வந்த சிப். அதிகபட்ச வேகமே நொடிக்கு 400 எம்.பி.க்குள்தான். அதுவும் போர்டில் ஒட்டியே இருக்கும். எஸ்.எஸ்.டி. என்பது கம்ப்யூட்டருக்காகவே வந்தது. அதில் என்.வி.எம்.இ. வகை நொடிக்கு 2,000 அல்லது 3,000 எம்.பி. வேகத்தைச் சாதாரணமாகத் தரும். இது எம்.2 என்ற ஸ்லாட்டில் மாட்டியிருந்தால் பின்னாளில் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச இடம் 64 ஜி.பி. ஆனால் அப்டேட்டுகள், மென்பொருள்கள், பாடங்கள் எல்லாம் சேர்த்து மாணவருக்கு 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நல்லது. 256 ஜி.பி. சமாளிக்கலாம். இ.எம்.எம்.சி. மட்டும் வேண்டவே வேண்டாம். என் முதல் லேப்டாப்பில் இருந்தது அதுதான்.

பிராசசர் பெயரைப் படிப்பது எப்படி?

"ஐ5 பிராசசர்" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். பின்னால் வரும் எண்ணிலும் எழுத்திலும்தான் விஷயம் இருக்கிறது.

உதாரணமாக, இன்டெல் ஐ5-1235யு என்பதில் முதல் இரண்டு இலக்கம் 12. அதாவது 12ஆம் தலைமுறை. கடைசியில் உள்ள யு என்ற எழுத்து, அது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் வகை என்று காட்டுகிறது. அடிப்படை அளவு 15 வாட். ஐ5-12450ஹெச் என்று முடிந்தால் 45 வாட். வேகம் அதிகம், சூடும் அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும். மெல்லிய லேப்டாப்புக்கு யு வகை பொருத்தம். 2023 இறுதியில் இருந்து இன்டெல் புதிய பிராசசர்களில் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு, கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயரிடத் தொடங்கியது.

ஏ.எம்.டி. ரைசனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2023இல் வந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ஒரே குடும்பம் போலத் தெரியும். ஆனால் மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது 2019ஆம் ஆண்டு வடிவமைப்பு, 3 என்றால் 2020ஆம் ஆண்டு வடிவமைப்பு, 4 என்றால் 2022ஆம் ஆண்டு வடிவமைப்பு. தவிர, 7520யு வகையில் மெமரி எப்போதும் ஒட்டியதாகவே வரும்.

இன்டெல் என்100, செலரான் என்4020 போன்றவை மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறிய பிராசசர்கள். டைப் செய்ய, படம் பார்க்க, ஆன்லைன் வகுப்புக்கு என்100 போதும். செலரான் என்4020 அதற்கே மூச்சு வாங்கும். சித்தப்பா கடையில் பார்த்த அந்த நோட்டுப் புத்தக லேப்டாப்பின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். செலரான், 4 ஜி.பி. ஒட்டிய மெமரி, 128 ஜி.பி. இ.எம்.எம்.சி. பத்து வருடத்துக்கு முன் எனக்கு அப்பா வாங்கித் தந்ததன் தம்பி அது! அண்மை ஆண்டுகளில் வந்த ஆட்டோகேட் பதிப்புகளுக்குக் குறைந்தபட்சம் 8 ஜி.பி. மெமரி வேண்டும். முதல் வருட டிராயிங் வகுப்பிலேயே தங்கை மாட்டிக்கொண்டிருப்பாள்.

வெயிலும் லேப்டாப்பும்

ஆப்பிள் உட்படப் பல நிறுவனங்கள் லேப்டாப்பை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறை வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கின்றன. நம் ஊரில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மெல்லிய லேப்டாப்பில் காற்றுப் போக இடம் குறைவு. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடையில் ஏ.சி. அறையில் பறந்த லேப்டாப் வீட்டில் ஊர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்விசிறி உள்ள மாடல் நம் ஊருக்கு நல்லது. கடையில் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்து, காற்று எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று கவனியுங்கள். வாங்கிய பிறகு தலையணை மீதும் மெத்தை மீதும் வைக்காதீர்கள். அடியில் உள்ள துளைகள் அடைபட்டுவிடும். ஒரு பரீட்சை அட்டை மேல் வைத்தாலே போதும்.

பேட்டரிக் கணக்கு

"10 மணி நேரம் நிற்கும்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். வாட் ஹவர் என்ற எண்ணைப் பாருங்கள். அதை லேப்டாப் சராசரியாக எடுக்கும் வாட் அளவால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 42 வாட் ஹவர் பேட்டரி உள்ள லேப்டாப்பில் எழுத்து வேலைக்கு 7 வாட் செலவானால் 6 மணி நேரம் வரும். அதே லேப்டாப்பில் வரைபட வேலைக்கு 20 வாட் செலவானால் இரண்டு மணி நேரம்தான். கல்லூரிக்கு எடுத்துச் செல்பவருக்கு 50 வாட் ஹவருக்கு மேல் இருந்தால் நல்லது.

டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால் ஒரு வசதி உண்டு. சார்ஜர் கெட்டுப்போனால் அதே வாட் அளவுள்ள வேறு நல்ல சார்ஜரைப் பயன்படுத்தலாம். வீட்டில் எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைப்பவர்கள், 80 சதவீதத்துடன் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். பேட்டரியின் ஆயுள் கூடும்.

திரை, துளைகள், விண்டோஸ்

திரையில் ஐ.பி.எஸ். வகையைக் கேளுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250 அறைக்குள் போதும். ஜன்னல் ஓரம் உட்கார 300க்கு மேல் வேண்டும்.

மெல்லிய லேப்டாப்களில் இணைப்புத் துளைகளைக் குறைத்துவிடுவார்கள். சாதாரண பென் டிரைவ் மாட்டும் யு.எஸ்.பி. குறைந்தது ஒன்று, புரொஜெக்டருக்கு ஹெச்.டி.எம்.ஐ. ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். செமினார் நாளில் அடாப்டர் தேடி ஓட வேண்டியிருக்காது.

விண்டோஸ் ஒரிஜினலாகவே சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். சில மாடல்கள் டாஸ் அல்லது லினக்ஸுடன் விலை குறைவாக வரும். விண்டோஸுக்குத் தனியாகச் செலவாகும். சில மலிவு மாடல்களில் விண்டோஸ் எஸ் மோட் என்ற நிலையில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றைத் தவிர வேறு எதையும் நிறுவ விடாது. பயப்பட வேண்டாம், செலவில்லாமல் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆனால் மறுபடி எஸ் மோடுக்குத் திரும்ப முடியாது.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றை, மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஐ5-7200யு என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாங்கள் வாங்கியது என்ன?

அடுத்த ஞாயிறு நானே ஊருக்குப் போய், சித்தப்பாவையும் தங்கையையும் மதுரைக்கு அழைத்துப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைசியில் வாங்கியது 14 அங்குலம், 1.4 கிலோ, 12ஆம் தலைமுறை ஐ5 யு வகை, 512 ஜி.பி. என்.வி.எம்.இ., ஒட்டிய 8 ஜி.பி. மெமரி, கூடவே ஒரு காலி ஸ்லாட். "அந்த மெல்லிசு இது இல்லையே" என்று சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தங்கை அதைப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்ப்பா, வெயிட் தெரியல" என்றாள்.

இதில் நான் செய்த இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். திரை 250 நிட்ஸ்தான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படிக்கத் தெரியவில்லை என்கிறாள். பட்ஜெட்டுக்குள் வர அதை விட்டுக்கொடுத்தோம். இரண்டாவது, காலி ஸ்லாட்டில் போட வேண்டிய 8 ஜி.பி. மெமரியை "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிட்டேன். 2025 இறுதியில் உலகம் முழுவதும் மெமரி விலை கடுமையாக ஏறிவிட்டது. கடைசியில் அந்தக் கூடுதல் விலையை என் கையில் இருந்து போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு முடியுமானால், வாங்கும் நாளிலேயே 16 ஜி.பி. ஆக்கிவிடுங்கள்.

வரைபட மென்பொருளுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. மாணவர் என்பதற்கான சான்றைக் காட்டி ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வேர்டு, எக்ஸெல் போன்றவையும் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் பல இடங்களில் இலவசமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

பில் போடும் முன் கேட்க வேண்டியவை

1. பிராசசரின் முழுப் பெயர் என்ன? எண்ணும் கடைசி எழுத்தும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.
2. மெமரி எத்தனை ஜி.பி.? ஒட்டியதா, ஸ்லாட் இருக்கிறதா?
3. சேமிப்பிடம் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.தானா?
4. சார்ஜருடன் சேர்த்து எடை எவ்வளவு? பேட்டரி எத்தனை வாட் ஹவர்?
5. விண்டோஸ் சேர்ந்து வருகிறதா?
6. வாரன்டி எத்தனை வருடம்? வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்?
7. கீழே விழுந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ என்ன? சாதாரண வாரன்டியில் இது சேராது. பஸ்ஸில் போகும் மாணவருக்கு, தனியாகக் கிடைக்கும் விபத்துப் பாதுகாப்பை எடுப்பது நல்லது.

பெட்டியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அது கடையில் காட்சிக்கு வைத்திருந்ததாக இருக்கலாம். பில்லை அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

போன மாதம் சித்தப்பாவிடம் பேசியபோது, "லேப்டாப் நல்லா ஓடுதான்னு பாப்பாகிட்ட கேட்டேன் தம்பி. ஓடுதாம்" என்றார். உடனே நான் தங்கையைக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லு" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, வரைந்து முடித்திருந்த ஒரு வீட்டின் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வளையலை மீட்க இன்னும் நான்கு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.